ஒன்பது பேருக்கு ஒரு குரல்

தேர்தலுக்குப் பத்தொன்பது நாள் இருக்கையில், ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவே, தென்காசி கூலக்கடை பஜாரிலுள்ள பலவேசம் பாத்திர மாளிகையில் வேலை பார்த்த ஒன்பது பேருக்கும் முதலாளியின் குரல் வந்துவிட்டது. ஐந்து பெண்கள், நான்கு ஆண்கள். அன்றைக்குத் தக்காளி கிலோ இருபத்திரண்டு ரூபாய், வெயில் வழக்கம்போல. முதலில் வந்தது பாத்திரங்களில் பேர் வெட்டுகிற ரூபிக்கு. பண்பொழியிலிருந்து கல்யாணச் சீருக்குக் குடம் எடுக்க வந்தவர்களிடம், குடத்தில் யார் பேரைப் போட வேண்டும் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். ஐம்பத்தெட்டு வயது ஆண்பிள்ளையின் குரல், வெற்றிலை போட்டுப் போட்டுக் கரகரத்த குரல், "நான் என்ன சொல்லுதேன்னா, யார் பேரு போடணும்?" என்று கேட்டது. ரூபி திரும்பிக் கல்லாவைப் பார்த்தாள். பலவேசம் அண்ணாச்சி அங்கே வாயை மூடிக்கொண்டு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெண்ணின் பேரையும் தேதியையும் சொன்னார்கள். பத்து மணிக்குள் மற்ற எட்டுப் பேருக்கும் அதே குரல் வந்து சேர்ந்தது. கடையின் எந்த மூலையில் யார் பேசினாலும் அண்ணாச்சி பேசுவது போலவே இருந்தது.

பலவேசம் அண்ணாச்சியைப் பற்றி யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலைக்கு வந்த பிள்ளைகளின் கல்யாணத்துக்கு ஆளுயரக் குத்துவிளக்கு கொடுத்தார். மூத்த சேல்ஸ்மேன் பேச்சிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஏழு நாள் வெளித் திண்டில் படுத்திருந்தார். ரூபிக்குக் குழந்தை பிறந்ததும், மதியம் இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்று அவராகவே சொன்னார். அவருக்கிருந்தது ஒரே ஒரு கோளாறு, கூஜாக் கட்சி. அப்படி ஒரு கட்சி தொடங்கி, அதற்குக் கூஜா சின்னமும் கிடைத்த செய்தியைப் பேப்பரில் பார்த்த அன்றைக்கு, முப்பது வருஷமாகப் பாத்திரம் விற்கிற மனுஷனுக்கு அது தனக்கென்றே ஆண்டவன் அனுப்பிய கடிதமாகத் தெரிந்தது. முதலில் கல்லாவுக்கு மேலே தலைவர் படம் வந்தது. அடுத்து, கடைக்குள் நுழைகிறவர்களுக்கு வணக்கம் சொல்வது நின்று, "கூஜா வெல்லும், வாங்க" என்று சொல்லும்படி ஆனது. ஒரு தூக்குச்சட்டி வாங்க வந்தவர் அணைக்கட்டு, மின்வெட்டு, பள்ளிக்கூடம் மூன்றைப் பற்றியும் தலைவரின் கருத்தைக் கேட்டுவிட்டுத்தான் சட்டியோடு வெளியே போக முடிந்தது. குடத்தில் பேர் வெட்டும்போது, பேருக்குக் கீழே சின்னதாக ஒரு கூஜாவும் கேட்காமலே விழுந்தது. எதிர்க்கட்சியான ஊஞ்சல்காரர்கள், அண்ணாச்சி கூஜா விற்பதை விட்டுவிட்டுத் தூக்கவே போய்விட்டார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். அவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

தினமும் கடை திறந்ததும் ஒன்பது பேரையும் வரிசையாக நிறுத்தி, கட்சிப் பத்திரிகையை இருபது நிமிஷம் வாசிப்பார். அவர் ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். செல்போன் ஸ்டேட்டஸில் தலைவர் படம் வைக்காதவர்களிடம் கோபப்படமாட்டார். போன் கெட்டுப்போய்விட்டதா, புதிது வாங்கித் தரட்டுமா என்று நிஜமான அக்கறையோடு கேட்பார். அதனால் மறுநாளே வைத்துவிடுவார்கள். கெட்ட முதலாளியாக இருந்தால் வெளியே போய்த் திட்டித் தீர்த்திருப்பார்கள். இவரை என்ன செய்வது என்று தெரியாமல், ஒன்பது பேரும் ஏழு மாசமாக அந்த வரிகளைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குரல் வந்தது அந்தப் பாடத்தின் இருநூற்றுப் பன்னிரண்டாவது நாளில்.

வார்த்தைகள் அவரவருடையவைதான். குரலும், வாக்கியத்தின் முன்னால் தானாக வந்து உட்காருகிற 'நான் என்ன சொல்லுதேன்னா'வும் மட்டும் அண்ணாச்சியுடையது. பேச்சிமுத்து வடகரையில் தன் வீட்டுக் குளியலறையிலிருந்து துண்டு கேட்டால், அவர் மனைவி முதலாளி வந்திருப்பதாக நினைத்து அவசரமாக நாற்காலியைத் துடைத்துப்போட்டுக் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்றாவது நாள் அவள் துண்டையும் காப்பியையும் சேர்த்தே கொண்டுவரப் பழகிக்கொண்டாள். கடையில் பில் போடுகிற முத்துசெல்வியின் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த போனை அவள் எடுக்க, ஆண்குரல் கேட்டதும் அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தார்கள், கற்பூரவள்ளி மென்றார்கள். ரூபி சர்ச்சில் ஜெபம் செய்யச் சொன்னாள். இன்னொருத்தர் திருமலைக்கோவில் படி அறுநூற்றுச் சொச்சமும் ஏறி வேண்டிக்கொண்டார். குற்றாலத்தில் குளித்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல நான்கு பேர் போனார்கள். சித்திரை மாசத்தில் ஐந்தருவியில் தண்ணீர் நூல் நூலாகத்தான் வழிந்தது. தலையை மட்டும் நனைத்துக்கொண்டு, அண்ணாச்சியின் குரலில் பேசிக்கொண்டே பஸ்ஸில் திரும்பினார்கள்.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொள்கை ரத்தத்தில் கலந்துவிட்டதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கட்சியின் நகரச் செயலாளர் விஜயசங்கரைக் கூப்பிட்டுக் காட்டினார். விஜயசங்கர் ஒன்பது பேரையும் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுநாளே ஒன்பது ஆட்டோ பிடித்து ஒன்பது மைக் கட்டினார். அந்த வாரம் சாயங்காலங்களில் செங்கோட்டையிலும் வடகரையிலும் அச்சன்புதூரிலும் ஒரே நேரத்தில் ஒரே மனுஷன் ஓட்டுக் கேட்டான். ஜனங்களும் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அச்சன்புதூருக்குப் போன ஆட்டோவில் இருந்தது ரூபி. அது அவள் ஊர். அவள் புருஷன் கிங்ஸ்லி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அவர்களுக்கு மூன்று வயதில் ஷைனி என்று ஒரு மகள். வீட்டு வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை, அம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். மைக்கைக் கீழே வைக்காமலே ரூபி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். தெரு முழுவதும் அதிர்கிற மாதிரி ஒரு கரகரத்த ஆண்குரல், நான் என்ன சொல்லுதேன்னா ஷைனிக்குட்டி, என்று கூப்பிட்டது. பிள்ளை நின்றது. அம்மாவின் வாயையே பார்த்தது. திரும்பி வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ரூபி வாயைத் திறந்தால் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. ரூபி வீட்டில் பேசுவதையே விட்டாள். சோறு ஊட்டும்போது கதை கிடையாது, தூங்கவைக்கும்போது பாட்டு கிடையாது. கிங்ஸ்லி நல்லவன்தான். ஆனால் அவனும் ஒரு நாள், நீ பேசும்போது முதலாளி முன்னால நிக்கிற மாதிரியே இருக்கு, லுங்கியை இறக்கிவிட்டுக்கிட்டேன் என்று சிரிக்காமல் சொன்னான்.

இதற்கிடையில் அண்ணாச்சியின் குரல் மெலிந்துகொண்டே வந்தது. நான்காம் நாள் தொண்டை கட்டியதுபோல இருந்தது. ஆறாம் நாள் பக்கத்தில் நின்றால்தான் கேட்டது. எட்டாம் நாள் காலையில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். அண்ணாச்சியின் மனைவி குருவம்மாள் அதை வீட்டிலிருந்தபடியே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாள்: ஒரு ஆளுக்கு அளந்த குரலை ஒன்பது பேருக்குப் பங்கு வைத்தால் சொந்தக்காரருக்கு எங்கேயிருந்து மிச்சமாகும். அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கல்யாணமான முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சீரியலை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வசனத்தோடு பார்த்தாள்.

பேச முடியாத மனுஷனுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. கல்லாவில் உட்கார்ந்து, ஒன்பது பக்கத்திலிருந்தும் தன் குரல் வருவதை அண்ணாச்சி கேட்டார். தன் குரல் கணீரென்று இருக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். வெளியிலிருந்து கேட்டால் அது தகர டப்பாவில் கல் போட்டு உருட்டியது போல இருந்தது. அது யாரையும் முழுதாகப் பேசவிடவில்லை. காலைப் பாடத்தைப் பத்திரிகை இல்லாமலே ஒன்பது பேரும் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். இரண்டாம் நிமிஷத்திலேயே அவருக்குக் கொட்டாவி வந்தது. நிறுத்துங்கள் என்று கையைத் தூக்கிக் காட்டினார். இன்னும் சத்தமாகச் சொல்லச் சொல்லுகிறார் என்று நினைத்து அவர்கள் சத்தத்தைக் கூட்டினார்கள்.

பத்தாம் நாள் வடகரை சைதூன் பீவி வந்தாள். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போட்டுக் கொடுக்கிறவள். அவளுடைய அண்டா, கரண்டி எல்லாம் இருபது வருஷமாக இந்தக் கடையில் எடுத்தவை. கூஜா வந்த பிறகு கொஞ்ச காலமாக வராமல் இருந்தாள். இருந்த பெரிய அண்டாவில் கீறல் விழுந்து, அடுத்த வாரம் இரண்டு கல்யாணம் இருந்ததால் வந்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டி அண்டாக்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, நான் என்ன சொல்லுதேன்னா, என்று ஆரம்பித்தது குரல். அணைக்கட்டு முடிந்து மின்வெட்டு வந்தது. சைதூன் பீவி கையிலிருந்த அண்டாவை மெல்லக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, இருவது வருசமா வாரேன். எனக்கு என்ன வேணும்னு சொல்லி முடிக்க ஒரு நாளாவது விட்டிருக்கியளா?"

சொல்லிவிட்டுத் திரும்பினாள். பேசிக்கொண்டிருந்தது பேச்சிமுத்து. அண்ணாச்சி கல்லாவில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். ஊரில் பேசிக்கொண்டது நிஜம்தான் என்று புரிந்துகொண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். பதில் சொல்ல அண்ணாச்சியிடம் குரல் இல்லை. இருந்திருந்தால் அணைக்கட்டைப் பற்றி மிச்சத்தைச் சொல்லியிருப்பார் என்று அவரே பிற்பாடு குருவம்மாளிடம் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு மதியச் சாப்பாட்டை அவர் பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் பாடத்துக்கு முன்னால் ரூபி கல்லாவுக்கு முன் வந்து நின்றாள். பேர் வெட்டுகிற மிஷினின் ஊசிப் பெட்டியை மேஜையில் வைத்தாள். இரவெல்லாம் ஷைனி காய்ச்சலில் அனத்தி, அம்மா, அம்மா என்று தேடியிருக்கிறாள். பக்கத்தில் இருந்தும் அம்மாவால், இங்கேதான் இருக்கிறேன் என்று வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. வேலையை விட்டு நிற்கிறேன் என்று சொல்லத்தான் வந்தாள். ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"நான் என்ன சொல்லுதேன்னா அண்ணாச்சி, என் ஓட்டு ஊஞ்சலுக்கு. நான் ஓட்டுப் போட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அப்படித்தான். உங்க மூஞ்சியப் பாத்து இதச் சொல்ல மனசு வரல, அதனால சொல்லல."

இதைச் சொன்னது அண்ணாச்சியின் குரல். தன் குரல் தன் முகத்துக்கு நேரே ஊஞ்சலுக்கு ஓட்டு என்று சொல்லுவதைக் கேட்ட ஒரே மனுஷன் தென்காசியில் அவர்தான். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அந்த 'சொல்லல' பாதி கரகரப்பிலும் பாதி ஒரு பெண்ணின் மெல்லிய குரலிலுமாக வந்தது. ரூபி தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஷைனி," என்று சொல்லிப் பார்த்தாள். அவள் குரல்தான். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, அங்கேயே குடங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள்.

அண்ணாச்சி எழுந்து பித்தளைப் பாத்திர அலமாரிப் பக்கம் போய் நின்றார். அவருக்கு வலித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஊருக்கே சொல்லிச் சொல்லி ஜெயித்துவிட்டதாக நினைத்தவருக்கு, இரண்டு மேஜை தள்ளி இருந்த பிள்ளையின் மனசில் இருந்தது தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு பில் தாளின் பின்பக்கத்தில், ஏன் முந்தியே சொல்லவில்லை என்று எழுதி நீட்டினார். "நீங்க கேக்கலையே அண்ணாச்சி," என்றாள் ரூபி தன் சொந்தக் குரலில். "நீங்க சொன்னிய, நாங்க திருப்பிச் சொன்னோம்." அவர் அதைப் படித்த பாடம் போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ஊசிப் பெட்டியை எடுத்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். மூன்று நாள் லீவு என்று விரலால் காட்டினார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஹார்லிக்ஸ் வாங்கச் சட்டைப் பையிலிருந்து பணமும் எடுத்தார்.

அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. குடோனில் கவிழ்த்துவைத்த ஒரு அண்டாவின்மேல் அண்ணாச்சி உட்கார்ந்தார். மனசில் இருப்பதைச் சொல்ல விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்று தாளில் எழுதி ஒட்டினார். எட்டுப் பேரும் வந்தார்கள். பேச்சிமுத்து, தான் வாழ்க்கையில் ஓட்டே போட்டதில்லை என்றும், தேர்தல் நாளில் நன்றாகத் தூங்கிவிட்டு விரலில் மையை இங்க் பேனாவால் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். சொல்லி முடித்தபோது, எல்லோரும் மறந்தே போயிருந்த அவருடைய கீச்சுக்குரல் திரும்பியிருந்தது. குடோனில் சாமான் இறக்குகிற பென்னி நிஜமாகவே கூஜாக்காரன். அதைச் சொல்லியும் குரல் போகவில்லை. தினமும் இருபது நிமிஷம் நிற்கவைத்ததில் போன மாசம் ஊஞ்சலுக்கே போட்டுவிடலாமா என்று வந்துவிட்டது என்று மிச்சத்தையும் சொன்ன பிறகுதான் போயிற்று. முத்துசெல்வி வந்து நின்று, "அத நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. அது எனக்கு உள்ளது," என்றாள். 'உள்ளது' என்பது அவளுடைய சொந்தக் குரலிலேயே வந்தது. அண்ணாச்சி தாளில் 'சரி' என்று எழுதிக் கீழே கோடும் போட்டார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அச்சன்புதூரில் ரூபி வாசலில் நின்றே ஷைனியைக் கூப்பிட்டாள் என்றும், பிள்ளை கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னது என்றும், மாலைக்குள் நாற்பது தடவையாவது கூப்பிட்டிருப்பாள் என்றும் கிங்ஸ்லி சொல்லியிருக்கிறான்.

ஒன்பது பேரை விட்டுப் போன குரல் நேராக அண்ணாச்சியிடம் வந்து சேரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வந்தது. ஆனால் போன இடங்களில் இருந்த குரல்களையும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டவைத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாள் காலையில் அவர் காப்பி கேட்டபோது அது ரூபியின் குரலில் இருந்தது. குருவம்மாள் டம்ளரை நீட்டியபடி, நல்லாத்தான் இருக்கு என்றாள். போனில் ஹலோ சொன்னால் முத்துசெல்வி பேசினாள். கோபம் வந்தால் பேச்சிமுத்துவின் கீச்சுக்குரல் வந்து, கோபப்பட்டதற்கே பலன் இல்லாமல் போயிற்று. தும்மல் மட்டும் பென்னியுடையது. பழைய குரலில் அவருக்கு மிஞ்சியது 'நான் என்ன சொல்லுதேன்னா' மட்டும்தான். அதைச் சொல்லிவிட்டு, அடுத்தது யார் குரலில் வரப்போகிறது என்று ஒரு கணம் நிறுத்துவார். அதற்குள் எதிரே இருப்பவர் பேச ஆரம்பித்துவிடுவார். இதனால் கடையில் வியாபாரம் குறையவில்லை.

ஆட்டோக்களை அன்றே திருப்பி அனுப்பினார். தலைவர் படத்தைக் கழற்றித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் கட்டிலுக்கு நேரே மாட்டிக்கொண்டார். அவர் கூஜாவை விட்டுவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓட்டுப் பதிவன்று முதல் ஆளாக வரிசையில் நின்று அதற்குத்தான் போட்டார். ரூபிக்கும் மற்றவர்களுக்கும் சம்பளத்தோடு லீவு கொடுத்தார். யாரிடமும் எதற்குப் போட்டாய் என்று கேட்கவில்லை. பேச்சிமுத்து அந்த முறை நிஜ மை வைத்துக்கொண்டு வந்து காட்டினார். கூஜா ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றது. அண்ணாச்சி இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது மேஜையில் ரூபி வைத்த பலாச்சுளைப் பொட்டலம் இருந்தது. அந்த வாரம் சைதூன் பீவியும் வந்தாள். அண்ணாச்சி எழுந்து நின்று, என்ன வேணும் என்று ரூபியின் குரலில் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை நின்றார். தனக்கு வேண்டிய அண்டாவின் அகலம், உயரம், காது, அதோடு தன் மருமகளின் குணம் எல்லாவற்றையும் அவள் சொல்லி முடிக்கப் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று.

ஆனி மாசம் சாரல் பிடித்து, குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு அண்ணாச்சி எல்லோரையும் வேனில் கூட்டிப்போனார். பெண்கள் அவர்கள் பக்கம் குளிக்கப் போனார்கள். அண்ணாச்சி எண்ணெய் தேய்க்கிற செல்லப்பாவிடம் போய்ப் பாறையில் குப்புறப் படுத்தார். செல்லப்பா முழங்கையை அவர் முதுகில் ஊன்றி நரம்பு நரம்பாகப் பிடித்துக்கொண்டே ஊஞ்சல் கட்சி இந்த ஐந்து வருஷத்தில் செய்யப்போவதையெல்லாம் சொல்லத் தொடங்கினான். அணைக்கட்டு முடிந்து மின்வெட்டு வந்தது. அண்ணாச்சியால் அசைய முடியவில்லை. எழுந்துபோகவும் வழியில்லை, உடம்பெல்லாம் எண்ணெய், முதுகில் ஒரு ஆளின் பாரம். பள்ளிக்கூடம் தொடங்கியபோது தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, "நான் என்ன சொல்லுதேன்னா," என்றார் கரகரவென்று. ஒரு கணம் நிறுத்தி, ரூபியின் மெல்லிய குரலில், "கொஞ்சம் மெதுவா அமுக்குங்க," என்றார்.

செல்லப்பாவின் கை ஒரு நொடி நின்றது.

"தென்காசி பாத்திரக்கடையா?"

"ஆமா."

"சரி, இடது கையக் குடுங்க," என்றான் செல்லப்பா.